மூன்று கணினிகள், ஒரு குடித்தனம்

புதிதாக உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு கணினியில், கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, கை போன போக்கில் 'ஜிஎஸ்' என்று தட்டி என்டர் அடித்தேன். பல வருடப் பழக்கம். என் கணினிகளில் அது, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நிரலில் என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் 'கிட் ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு நான் வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர். ஆனால் வந்து நின்றதோ கோஸ்ட்ஸ்கிரிப்ட். பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளைக் கையாளும் அந்த நிரலின் கட்டளைப் பெயரும் இதே இரண்டெழுத்துதான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்றும் தெரியவில்லை. விண்டோவையே மூடிவிட்டேன்.

கணினி புதிது, கை பழசு. டெர்மினலிலேயே நாளை ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த தொல்லைதான் இது. வருடக்கணக்கில் சேர்த்த சுருக்கங்கள், எடிட்டரில் எந்த விசைக்கு எந்த வேலை, கட்டளைக்குக் காத்து நிற்கும் பிராம்ப்ட் எந்த நிறத்தில் இருக்கவேண்டும், எந்த சர்வரை எந்தச் செல்லப்பெயரில் கூப்பிடுவது என்பதெல்லாம் பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோம் டைரக்டரியில் சின்னச் சின்ன உரைக்கோப்புகளாகக் கிடக்கின்றன. .பேஷ்ஆர்சி, .விம்ஆர்சி, .கிட்கான்ஃபிக் என்று எல்லாப் பெயரும் புள்ளியில் தொடங்கும். அதனால் இவற்றுக்கு டாட்ஃபைல் என்றே பெயர் விழுந்துவிட்டது. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை வெறுமனே அடித்தால் கண்ணில் படாது. 'எல்எஸ் -ஏ' அடித்தால் வரிசை கட்டி வந்து நிற்கும். முதல் முறை பார்ப்பவர்கள் 'இத்தனையா?' என்று கேட்பார்கள்.

இந்தப் புள்ளி மறைக்கும் வழக்கம் யாரும் யோசித்து வைத்ததில்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்த பெல் லேப்ஸில் வேலை பார்த்த ராப் பைக், 2012-இல் கூகுள் பிளஸில் இதன் கதையை எழுதினார். ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் தன்னையே குறிக்க ஒற்றைப் புள்ளியும், மேலே உள்ள டைரக்டரியைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியல் போடும்போது இந்த இரண்டும் வந்து தொந்தரவு செய்யவே, யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனோ டென்னிஸ் ரிச்சியோ 'எல்எஸ்' நிரலில் ஒரு சின்னச் சோதனை சேர்த்தார். பெயரின் முதல் எழுத்து புள்ளியா? அப்படியானால் தாண்டிப் போ. முழுப் பெயரையும் ஒப்பிட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஒரு எழுத்தை மட்டும் பார்த்த சோம்பலில், புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் மறைந்துபோனது. நிரல் எழுதுபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'பயனரின் கண்ணில் படாமல் என் அமைப்பை அவர் வீட்டுக்குள்ளேயே போட்டுவைக்க இடம் கிடைத்தது' என்று ஆளாளுக்கு ஒரு கோப்பைப் போட ஆரம்பித்தார்கள். இன்று நம் ஹோம் டைரக்டரி பரண் மாதிரி ஆனதற்கு அந்த ஒற்றை எழுத்துச் சோதனைதான் காரணம். பல பெயர்களின் வாலில் இருக்கும் 'ஆர்சி' இன்னும் பழசு. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில், கட்டளைகளை வரிசையாக ஓட்டுவதற்கு 'ரன்காம்' என்று ஒரு வசதி இருந்தது. அதன் எச்சம் இது.

பரணை ஒழுங்குபடுத்த ஒரு முயற்சியும் நடந்தது. 2003-இல், லினக்ஸ் மேசைக்கணினிகளுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் குழு ஒரு வரையறை கொண்டுவந்தது. அமைப்புகள் .கான்ஃபிக் கோப்புறைக்குள் போகட்டும், தற்காலிகச் சரக்கு .கேஷ் கோப்புறைக்குள் போகட்டும், நிரல் சேர்த்துவைக்கும் தரவு .லோக்கலுக்குள் இருக்கும் ஷேருக்குள் போகட்டும் என்றது. நல்ல ஏற்பாடு. எதை எடுத்துப்போக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் எல்லா நிரல்களும் கேட்கவில்லை. வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் இன்னும் பழைய இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கணினிகள் வந்தபிறகு என்ன செய்வது? என்னிடம் மூன்று இருக்கின்றன. அலுவலகம் கொடுத்த மேக், வீட்டில் உபுண்டு போட்ட கணினி, மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர். மூன்றிலும் ஒரே .பேஷ்ஆர்சி இருந்துவிட்டால் போதும் என்றுதான் ஆரம்பத்தில் எல்லாரும் நினைப்போம். டிராப்பாக்ஸ் மாதிரி ஒன்றில் கோப்பைப் போட்டு, அங்கிருந்து ஒரு சிம்லிங்க், அதாவது அசல் கோப்பைச் சுட்டிக்காட்டும் குறுக்குவழி. முடிந்தது வேலை.

முடியாது. கோப்பை ஒரே மாதிரி வைத்திருப்பது கணினிக்குச் சுலபமான காரியம். சிக்கலெல்லாம் ஒரே மாதிரி இருக்கக்கூடாத அந்த நாலைந்து வரிகளில் இருக்கிறது. நூறு வரிக் கோப்பில் தொண்ணூற்றைந்து வரி மூன்று கணினிக்கும் பொது. மீதி ஐந்து ஒவ்வொன்றிலும் வேறு. டாட்ஃபைல்களுக்கு என்று வந்திருக்கும் எத்தனையோ கருவிகளை இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடலாம்: அந்த ஐந்து வரியை எங்கே வைக்கச் சொல்கிறாய்?

இந்தக் கேள்வி இன்றைக்கு முளைத்ததில்லை. 1980களின் நடுவில் சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் வந்தபிறகு, பல்கலைக்கழகங்களில் ஹோம் டைரக்டரி ஒரு சர்வரில் இருக்கும், எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதே ஹோம் வலைப்பின்னல் வழியாக வந்து சேரும். கோப்பு ஒன்றே ஒன்று, ஒத்திசைவே தேவையில்லை. ஆனால் ஒரு மேசையில் ஒரு வகைப் பிராசசர், பக்கத்து மேசையில் வேறு வகை. ஒன்றுக்கான நிரல் மற்றதில் ஓடாது. அதனால் .சிஎஸ்எச்ஆர்சி கோப்பின் தலையிலேயே 'நான் எந்த இயந்திரத்தில் இருக்கிறேன்?' என்று கேட்டுப் பிரிந்துபோகும் வரிகளை எழுதினார்கள். அன்று ஒரு வீட்டுக்குப் பல வாசல், இன்று ஒரு ஆளுக்குப் பல வீடு. எழுதவேண்டிய வரி என்னவோ அதேதான்.

வித்தியாசம் எங்கெங்கே எட்டிப்பார்க்கும் என்பதற்கு மேக்கும் லினக்ஸும் நல்ல உதாரணம். மேலோட்டத்தில் இரண்டும் யூனிக்ஸ் மாதிரிதான். ஆனால் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பான ஷெல், அதாவது டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், இசட்எஸ்எச். லினக்ஸில் வழக்கமான பேஷ் ஷெல்லும் இருக்கிறது, ஆனால் 3.2 பதிப்பிலேயே நின்றுவிட்டது. அடுத்த பதிப்புகளின் ஜிபிஎல் 3 உரிமம் ஆப்பிளுக்கு ஒத்துவரவில்லை. பேஷ் 4-இல் வந்த வசதி எதையாவது உங்கள் கோப்பில் பயன்படுத்தியிருந்தால் மேக்கில் பிழை கொட்டும். கோப்பை அதே இடத்தில் திருத்த 'செட் -ஐ' என்று லினக்ஸில் எழுதுவோம். மேக்கில் அதன் பின்னால் ஒரு காலி மேற்கோள் ஜோடி வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் சொல்லைக் காப்புக்கோப்பின் வால் என்று எடுத்துக்கொள்ளும். மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ கூட இன்டெல் மேக்கில் ஓரிடம், ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் வேறிடம். இதெல்லாம் தெரிந்துகொண்டு செய்வதில்லை. ஒவ்வொன்றாகக் காலில் குத்தித்தான் தெரியவரும்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். பெரும்பாலானோர் தொடங்குவது கிட் ரெப்போ என்ற கோப்புக் கிடங்கு ஒன்றில்தான். கோப்புகளை எல்லாம் 'டாட்ஃபைல்ஸ்' என்ற கோப்புறைக்குள் நகர்த்தி, பழைய இடத்தில் சிம்லிங்க் போடுவது. எப்போது எதை மாற்றினோம் என்ற வரலாறு கிடைக்கும், தப்பு செய்தால் பின்வாங்கலாம். லிங்க்குகளைக் கையால் போடுவது அலுக்கும்போது குனு ஸ்டோ வரும். 1990களில் வேறு வேலைக்கு எழுதப்பட்ட பெர்ல் நிரல் அது. மூலநிரலிலிருந்து கட்டிய மென்பொருட்களைத் தனித்தனியாக வைத்து, ஒரே இடத்தில் இருப்பதுபோல லிங்க் போட்டுக் காட்டுவது அதன் தொழில். டாட்ஃபைலுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. 'ஸ்டோ பேஷ்' என்றால் பேஷ் கோப்புறைக்குள் உள்ளதெல்லாம் ஹோமில் லிங்க்காக முளைத்துவிடும்.

ஸ்டோவை நான் மூன்று வருடம் வைத்திருந்தேன். விட்டதற்கு ஒரு சாயங்காலம் காரணம். சர்வரைப் புதிதாகப் போட்டு, ரெப்போவை இறக்கி, 'ஸ்டோ எஸ்எஸ்எச்' அடித்தேன். என் ரெப்போவில் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் கோப்பு மட்டும்தான் இருந்தது, ரகசியம் ஒன்றுமில்லை. பிறகு 'எஸ்எஸ்எச்-கீஜென்' அடித்து, சர்வர்களுக்குள் நுழையக் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் புதுச் சாவி ஒன்று உருவாக்கினேன். அப்புறம் ரெப்போவுக்குள் போய் வழக்கமான 'ஜிஎஸ்'. பட்டியலில் இன்னும் சேர்க்கப்படாத கோப்பு என்று அந்தச் சாவியின் ரகசியப் பாதியான தனிச்சாவி சிவப்பில் நின்றது. ரெப்போவோ ஊருக்கே திறந்தது.

நடந்தது இதுதான். புது சர்வரில் .எஸ்எஸ்எச் என்ற கோப்புறையே அப்போது இல்லை. இல்லாத கோப்புறையை உருவாக்கி உள்ளே ஒரு லிங்க் போடுவதற்குப் பதில், ஸ்டோ அந்தக் கோப்புறையையே ரெப்போவுக்கு ஒரு லிங்க்காகப் போட்டுவிடும். லிங்க் எண்ணிக்கை குறையும் என்பது அதன் கணக்கு. அதற்குப்பின் அந்தக் கோப்புறைக்குள் எந்த நிரல் எதை எழுதினாலும் அது என் ரெப்போவுக்குள் விழும். 'நோ-ஃபோல்டிங்' என்று ஒரு தேர்வைச் சேர்த்தால் இப்படிச் செய்யாது; கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. அன்று வழக்கம்போல 'கிட் ஆட் -ஏ' அடித்து எல்லாவற்றையும் சேர்த்து, கமிட்டாகப் பதிந்து, இணையத்தில் உள்ள ரெப்போவுக்குப் புஷ் செய்திருந்தால், பிறகு கோப்பை அழித்தும் பயனில்லை. கிட் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். கசிந்த சாவிக்கு ஒரே வைத்தியம், அதைத் தூக்கிப்போட்டு வேறு சாவி செய்து, அது செல்லுபடியாகும் இடங்களிலெல்லாம் போய் மாற்றுவது.

லிங்க்கே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள 'பேர்' (bare) வகை கிட் ரெப்போ ஒன்றை மறைவாக வைத்து, ஹோம் டைரக்டரியையே அதன் வேலைத்தளம் என்று சொல்லிவிடுவது. கோப்புகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ஹோமில் உள்ள ஆயிரக்கணக்கான மற்றக் கோப்புகளைப் பட்டியலில் காட்டாதே என்று ஒரு அமைப்பு, நீளமான கட்டளைக்கு ஒரு சுருக்கப் பெயர், அவ்வளவுதான். அழகான தந்திரம். ஆனால் அந்த ஐந்து வரிக்கு இதில் பதிலே இல்லை. யாடிஎம் இதே தந்திரத்தின் மேல் கட்டிய கருவி. கோப்புப் பெயரின் வாலில் இரண்டு ஹாஷ் குறி போட்டு, இது மேக்குக்கு, இது லினக்ஸுக்கு, இது இந்தப் பெயருள்ள கணினிக்கு என்று எழுதிவைத்தால், அந்தந்தக் கணினியில் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும்.

ஷேமுவா என்ற கருவி வேறு விதமாகப் போகிறது. 'என் வீட்டில்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். கோ மொழியில் எழுதிய ஒற்றை நிரல். இதில் நீங்கள் வைத்திருப்பது கோப்பின் மூலப்படி; அதில் 'மேக் என்றால் இந்த வரி, இல்லாவிட்டால் அந்த வரி' என்று டெம்ப்ளேட்டாக எழுதலாம். 'அப்ளை' சொன்னதும் அந்தக் கணினிக்கு ஏற்ற முழுக்கோப்பைத் தயாரித்து ஹோமில் வைக்கும். கடவுச்சொல்லைப் பிட்வார்டன் போன்ற பெட்டகத்திலிருந்து அந்த நேரத்தில் எடுத்து நிரப்பும், ரெப்போவுக்குள் அது வராது. கோப்பின் அனுமதியையும் நினைவு வைத்துக்கொள்கிறது. இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் கிட்டுக்கு ஒரு கோப்பு ஓடக்கூடியதா இல்லையா என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். உரிமையாளர் மட்டும் படிக்கும்படி நீங்கள் 600 அனுமதியில் பூட்டிவைத்த கோப்பு, வேறு கணினியில் குளோன் செய்து இறக்கியதும் பொதுவாக 644 ஆகி, அந்தக் கணினியில் கணக்குள்ள யாரும் படிக்கும்படி கிடக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும் .பிஜிபாஸ் கோப்பு அப்படித் திறந்து கிடந்தால் அந்த நிரல் அதைத் தொடவே தொடாது, கடவுச்சொல் கேட்டு நிற்கும்.

ஷேமுவாவுக்கு ஒரு விலை உண்டு. ஹோமில் இருப்பது பிரதிதான். அவசரத்தில் அங்கேயே திருத்திவிட்டால் மூலப்படிக்குத் தெரியாது. அடுத்த 'அப்ளை'யின்போது 'இதை யாரோ மாற்றியிருக்கிறார்கள், என்ன செய்ய?' என்று கேட்கும். அந்த யாரோ நாம்தான். எனக்கு இந்த ஒழுங்கு பழக ஒரு மாதம் ஆனது. இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் நிக்ஸ் என்ற நிரல் நிர்வாகக் கருவியின் ஹோம் மேனேஜர். கோப்புகளோடு நிரல்களையும் சேர்த்து அறிவிப்பாக எழுதச் சொல்லும், பழைய நிலைக்கு அப்படியே திரும்பவும் விடும். ஆனால் அது வைக்கும் கோப்புகள் படிக்க மட்டும்தான். தன் அமைப்பைத் தானே எழுதிக்கொள்ள நினைக்கும் நிரல்கள் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்று கணினிக்கு அது யானை கட்டித் தீனி போடுவது மாதிரி என்பது என் எண்ணம். ஐம்பது கணினி வைத்திருப்பவர் வேறு சொல்வார்.

உண்மையில் பல நேரம் கருவியே தேவையில்லை, அந்தந்த நிரலிலேயே வழி இருக்கும். கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலைக்கு அலுவலக மின்னஞ்சல், சொந்த வேலைக்குச் சொந்த மின்னஞ்சல் என்று கமிட்டில் பதியவேண்டும். நான் ஒருமுறை வீட்டு விஷயமாக எழுதிய சின்ன நிரலில் முப்பது கமிட் அலுவலக முகவரியிலேயே போயிருந்தது. 2017-இல் வந்த கிட் 2.13-இலிருந்து 'இன்க்ளூட்இஃப்' என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கோப்புறைக்குக் கீழே இருக்கும் ரெப்போ என்றால் அந்தக் கூடுதல் கோப்பையும் சேர்த்துப் படி என்று .கிட்கான்ஃபிக்கில் இரண்டு வரி எழுதினால் போதும். கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு இருக்கவேண்டும். அதை விட்டால் பிழையும் வராது, வேலையும் செய்யாது. எஸ்எஸ்எச், டிமக்ஸ், விம் எல்லாவற்றிலும் இதுபோல வேறு கோப்பைச் சேர்த்துப் படிக்கும் வசதி உண்டு. ஷெல்லிலும் அப்படித்தான். பொதுக்கோப்பின் கடைசி வரியாக, '.பேஷ்ஆர்சி.லோக்கல் என்று ஒரு கோப்பு இருந்தால் அதையும் படி' என்று எழுதிவிடுவது. அந்த லோக்கல் கோப்பு ரெப்போவுக்குள் வராது. ஐந்து வரிக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது.

எல்லா இடத்துக்கும் ஒரே கோப்பைக் கொண்டுபோகும் உற்சாகத்தில் நான் பட்ட அடி ஒன்றையும் சொல்லவேண்டும். டெர்மினல் திறந்தால் வணக்கம் சொல்லட்டும் என்று .பேஷ்ஆர்சியில், திரையில் எழுதிக்காட்டும் 'எக்கோ' வரி ஒன்று வைத்திருந்தேன். மூன்று கணினிக்கும் போனது. சர்வரிலும் போனது. வீட்டுக் கணினியிலிருந்து சர்வருக்கு ராத்திரி, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் மூலம் காப்புப்படி போகும். மூன்று வாரம் கழித்து ஒரு பழைய கோப்பைத் தேடியபோதுதான் அத்தனை நாளும் எதுவுமே போகவில்லை என்று தெரிந்தது. பதிவேட்டில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரே புலம்பல்: நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை, உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா? ஆர்சிங்க் உண்மையிலேயே அப்படித்தான் கேட்கும். எஸ்எஸ்எச் வழியாக ஆள் இல்லாமல் கட்டளை ஓடும்போதும் பேஷ் அந்தக் கோப்பைப் படிக்கிறது. ஆர்சிங்க் தன் மறுமுனையின் முதல் பைட்டுகளுக்காகக் காத்திருக்க, என் 'வணக்கம்' போய் முன்னால் நின்றிருக்கிறது. உபுண்டு தரும் இயல்பான .பேஷ்ஆர்சியின் தலையில், 'எதிரே ஆள் இல்லை என்றால் இத்தோடு திரும்பு' என்று சில வரிகள் இருக்கும். என் கோப்பை அதன்மேல் எழுதியபோது அந்தக் காவலையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, மாற்றும் விசையைப் பழக்கப்படி வைத்துக்கொண்டால், அந்த அமைப்பு எந்த உரைக்கோப்பிலும் போய் உட்காராது. டிகான்ஃப் என்ற தரவுத்தளத்துக்குள் போகும். அது .கான்ஃபிக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது, ஆனால் பைனரிக் கோப்பு. கிட்டில் போட்டால் எந்த வரி மாறியது என்று காட்டமுடியாது. ஜன்னல் அளவை மாற்றினாலும் மொத்தக் கோப்பும் மாறியதாகத் தெரியும். இதற்கு 'டிகான்ஃப் டம்ப்' என்ற கட்டளையில் விசைப்பலகைப் பகுதியின் பெயரை மட்டும் கொடுத்து உரையாக வெளியே எடுத்து, அந்த உரையை ரெப்போவில் வைத்து, புதுக் கணினியில் 'டிகான்ஃப் லோட்' சொல்லவேண்டும். முழுவதையும் டம்ப் செய்து வைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்து, பெரிய திரையில் வைத்திருந்த எழுத்தளவு சின்ன லேப்டாப்புக்குப் போய், நாலு வார்த்தைக்கு ஒரு திரை நிறைந்தது.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது. ரகசியமும் டெம்ப்ளேட்டும் வேண்டிய ஆறு கோப்பு ஷேமுவாவிடம் இருக்கிறது. ஷெல்லுக்கும் கிட்டுக்கும் பொதுக்கோப்பு ஒன்று, லோக்கல் கோப்பு ஒன்று. தட்டிய கட்டளைகளின் பட்டியலான ஷெல் ஹிஸ்டரியை எங்கேயும் அனுப்புவதில்லை, அவசரத்தில் கட்டளை வரியிலேயே தட்டிய கடவுச்சொற்கள் அதில் எத்தனை கிடக்கிறதோ. மேக்கின் லோக்கல் கோப்பில் ஹோம்ப்ரூ பாதையும் அலுவலக ப்ராக்சியும். வீட்டுக் கணினியின் லோக்கல் கோப்பு காலி. சர்வரில் இருப்பது ஒரே வரி: பிராம்ப்டைச் சிவப்பாக்குவது. அழிக்கும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் இது வீடில்லை என்று கண்ணுக்குத் தெரியவேண்டும், அதனால் அந்த வரி மட்டும் மற்ற இரண்டுக்கும் போகக்கூடாது.